மத்திமக் கம்பி

என் கிட்டார் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். கோயிலுக்குப் பாடப் போகும்போது எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று நானே எழுதி ஒட்டியது. முதல் கம்பி இரண்டு, மூன்றாம் கம்பி ஒன்று, சுருதி பார்க்க ஊதும் பிட்ச் பைப், துடைக்கும் துணி, பாட்டு நோட்டு, பென்சில். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம். பொருளைப் பெட்டிக்குள் வைத்ததும் கட்டத்தில் டிக் போடுவேன். வீடு திரும்பியதும் ரப்பரால் அழிப்பேன். அத்தை மகள் அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள்.

"பெட்டிக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்கிறியாடி?"

காகிதத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிடிபட்டது அதனால்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு பாலிடெக்னிக்கின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். மாணவர்கள் கலைத்துப் போடும் மீட்டர்களையும் வயர்களையும் சரிபார்த்து அலமாரியில் வைப்பது, எது பழுது என்று எழுதிவைப்பது, இவைதான் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தேன். புத்தகத்தைப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. குழுவில் பன்னிரண்டு பெண்கள் பெஞ்சுகளில் உட்காருவார்கள். ஆர்மோனியம் வாசிக்கும் சிஸ்டருக்கு இடது பக்கத்தில் மட்டும் ஒரு நாற்காலி உண்டு. பிரம்பு பின்னியது. ஒரு கால் சற்றுக் குட்டை, அதற்குக் கீழே மடித்த அட்டை வைக்க வேண்டும். அந்த அட்டையை மடித்து வைத்தவளும் நான்தான். நாலு வருடமாக அது என் நாற்காலி.

என்னைவிட மூன்று மாதம் மூத்தவள் அத்தை மகள். நாங்கள் தருமபுரத்தில், அவர்கள் தலத்தெருவில், சைக்கிளில் போனால் சீக்கிரம் போய்விடலாம். சின்ன வயதிலிருந்தே அவளிடம் இருந்ததும் என்னிடம் இல்லாததுமாக ஒரு பட்டியல் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நீள விரல்கள். கேட்ட பாட்டை உடனே திருப்பிப் பாடும் காது. யார் எது சொன்னாலும் முகம் சுருங்காத குணம். எல்லாவற்றுக்கும் மேலே, பிரெஞ்சு பாஸ்போர்ட். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன பிறகு எந்த நாடு என்று கேட்டபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதே வாரம் அதே அலுவலக வாசல்வரை போன என் அப்பா, வரிசை நீளமாக இருக்கிறது, நாளைக்கு வரலாம் என்று திரும்பி வந்தவர் பிறகு போகவேயில்லை. எங்கள் வீட்டில் இதை யாரும் பேசுவதில்லை. அத்தை வீட்டுக்கு பிரான்சிலிருந்து பெட்டி வரும் நாட்களில் மட்டும் அப்பா அன்று முழுவதும் தோட்டத்தில் ஏதாவது வெட்டிக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் ஜூன் மாதம் பெட்டி வந்தது. அத்தையின் மூத்த மகன், அதாவது அவள் அண்ணன், அங்கே பட்டாளத்தில் இருந்தான். விடுமுறையில் வந்தவன் கொண்டுவந்தது. பெட்டியைப் பிரிக்கும்போது என்னென்ன வந்திருக்கிறது என்று எழுதுவது என் வழக்கம். யாரும் கேட்டதில்லை, ஆனாலும் எழுதுவேன். சோப்பு எட்டு, சென்ட் மூன்று, சாக்லேட் டப்பா இரண்டு, மாமாவுக்கு ஸ்வெட்டர் ஒன்று. காரைக்கால் வெயிலில் அதை எப்போது போடுவார் என்று நான் கேட்க, "மதகடித் தெருவுல நின்னு போட்டோ எடுத்துக்குவேன்" என்றார் மாமா. கடைசியாகத் துணி உறையில் சுற்றிய கிட்டார்.

அவளுக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. அண்ணனின் பட்டாள நண்பன் ஒருவன் ஊர் மாறும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். தங்கைக்குப் பாட்டு வரும், ஆகவே இதுவும் வரும் என்று எடுத்துவந்துவிட்டான். நான் வாங்கி மடியில் வைத்தேன். கழுத்து கைக்கு அடங்கவில்லை, அகலமாக இருந்தது. தலையில் ஒரு பக்கம் நாலு திருகு, மறுபக்கம் மூன்று. இரண்டு முறை எண்ணினேன். என் கிட்டாரில் ஆறு கம்பி. இதில் ஏழு.

"ஏழு கம்பியா?" என்றார் மாமா. "எங்க ரெஜிமான்ல ஒருத்தனுக்கு ஆறு விரல். அவனக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலு வருடம் விரல் காய்த்துப்போக வாசித்தவள் நான். ஊரில் யாரும் பார்த்திராத கருவி அவள் மடிக்குப் போயிருக்கிறது. பட்டியலில் ஒரு வரி கூடியது.

அடுத்த சனிக்கிழமை போனபோது அவள் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தடித்த கம்பியில் தொடங்கி, ச, ரி, க, ம என்று வரிசையாகச் சுருதி கூட்டியிருந்தாள். ஏழு கம்பி, ஏழு ஸ்வரம். சிறு வயதில் இரண்டு வருடம் பாட்டுக்குப் போனவள், அவளுக்கு அது இயற்கையாகத் தோன்றியிருக்கிறது. தடித்த இரண்டு கம்பிகள் பரவாயில்லை. அதற்கு மேல் உள்ளவற்றை அவ்வளவு தூரம் இறக்கியதால் மெல்லிய கம்பிகள் தொட்டில் கயிறு மாதிரி தொங்கின. மீட்டினால் சடசடவென்று மரத்தில் அடித்தன.

"என்னடி இது, துணி காயப்போடப் போறியா?" என்றேன்.

"ஏழு ஸ்வரத்துக்குத்தான ஏழு கம்பி?"

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? எண்ணினாத் தெரியுது."

எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது. ஒரு கம்பி எவ்வளவு தடிமன், எவ்வளவு இழுப்பு, அதற்கேற்ற சுருதி எது என்று நீளமாக விளக்கினேன். மெல்லிய கம்பி மேல் சுருதிக்கென்று செய்தது, அதை இறக்கினால் செத்துப்போகும் என்றேன். அத்தை காபி கொண்டுவந்து, "படிச்ச புள்ள சொல்றதக் கேளுடி" என்றாள். அந்த வாக்கியத்தை வீடுவரை சைக்கிளில் கொண்டுபோனேன்.

"அப்ப சரியானது எதுன்னு எழுதிக் குடுடி" என்று அவள் கேட்டிருந்தாள். திங்கட்கிழமை ஆய்வகத்தில் மாணவர்கள் போன பிறகு கிராஃப் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு கம்பிகளின் அதிர்வெண்கள் எனக்கு மனப்பாடம். ஏழாவது கம்பி அவற்றுக்கும் கீழே இருக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு அடிக்குறிப்பிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆடியோ ஆசிலேட்டரை வைத்து ஒவ்வொரு அதிர்வெண்ணாகக் கேட்டேன். இடப்பக்கம் ஆங்கில எழுத்து, நடுவில் அதிர்வெண், வலப்பக்கம், பொழுதுபோகாமல், ஒரு கட்டை சுருதிக்கு அது என்ன ஸ்வரம் என்று எழுதினேன். தடித்த கம்பியிலிருந்து மெல்லியதுவரை வலப்பக்கத்தில் வந்தது இது:

நி, க, த, ரி, ப, நி, க.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நி, இரண்டு க. ச இல்லை. ம இல்லை. தடித்த நியை அரைச் சுருதி ஏற்றினால் ச. மெல்லிய க-வை அதே அளவு ஏற்றினால் ம. மற்ற ஐந்து கம்பிகளைத் தொடவே வேண்டாம். ச, க, த, ரி, ப, நி, ம. ஏழு கம்பி, ஏழு ஸ்வரம். ஒன்றும் தொங்காது, ஒன்றும் சாகாது. அவள் கேட்ட முட்டாள்தனமான கேள்விக்கு இரண்டு திருகுகளில் விடை இருந்தது.

காகிதத்தை நாலாக மடித்து, பழுதடைந்த மீட்டர்களின் பதிவேட்டுக்குள் வைத்தேன். அவளுக்கென்று ஒரு அட்டையில் ஆங்கில எழுத்துகளை மட்டும் எழுதினேன். பொய் எழுதவில்லை. கேட்டதைத்தான் எழுதினேன் என்று அன்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை அட்டையை வாங்கிப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள். "இந்த எழுத்தெல்லாம் எனக்கு எங்கடி புரியும்? ஸ்வரத்துல எழுதிக் குடு."

"அது வந்து, கிட்டாருக்கு அப்படி எழுதுற வழக்கம் இல்ல."

"வழக்கமா இப்ப முக்கியம்? தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துவிடுவாள் என்பதைத் தாங்க முடியாமல், பென்சிலை வாங்கி, எழுத்துகளுக்குக் கீழே வரிசையாக எழுதினேன். நி, க, த, ரி, ப, நி, க. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் அத்தைக்கு வெங்காயம் உரிக்கப் போனேன்.

பத்து வெங்காயம்கூட உரித்திருக்க மாட்டேன்.

"ஏய், இங்க வாடி! ரெண்டு நி இருக்கு, ரெண்டு க இருக்கு. ஒரு நிய ச ஆக்கிட்டா? ஒரு க-வ ம ஆக்கிட்டா?"

நான் போவதற்குள் திருகிவிட்டிருந்தாள். ஆசிலேட்டர் இல்லை, பிட்ச் பைப் இல்லை. வாயால் முணுமுணுத்துக்கொண்டே திருகி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியிருக்கிறாள். ஏழு கம்பிகளையும் மேலிருந்து கீழே ஒரு முறை தடவினாள். அதுவரை நான் அந்த ஒலியைக் காகிதத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று எழுந்து, எல்லாமாகச் சேர்ந்து அறைக்குள் நின்றது. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

குறைகளை உடனே சொன்னேன். ஸ்வரங்கள் வரிசையாக இல்லை. ரி மேலே கிடக்கிறது, க கீழே கிடக்கிறது. ஒரு மெட்டு வாசித்தால் மாடிக்கும் தரைக்குமாக ஏறி இறங்கும். ஆறு மாதம் பழகினாலும் எந்தக் கம்பி எது என்று குழம்பும்.

"குழம்பட்டுமே" என்றாள். "எனக்கு என்ன பரீட்சையா?"

சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. அரைச் சுருதி ஏற்றினால் கம்பியின் இழுப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கூடும். தடித்த கம்பி தாங்கும். மெல்லிய முதல் கம்பி, அதுவும் எங்கள் உப்புக் காற்றில் மூன்று வாரத்தில் துரு பிடிக்கும் கம்பி, எவ்வளவு நாள் தாங்கும் என்பது வேறு கணக்கு. அதனால்தான் என் பெட்டியில் எப்போதும் முதல் கம்பி இரண்டு இருக்கும். அவளுடைய கருவியில் இருந்தவை பழைய கம்பிகள். மாற்றுக் கம்பி அவளிடம் ஒன்றும் இல்லை.

ஒரு மாதத்தில் அவளுக்கென்று ஒரு வழி உண்டாகிவிட்டது. நான் வாசிப்பதுபோல் இடது கையால் அழுத்தி வாசிக்கவில்லை. பாடிக்கொண்டே, வார்த்தை ஊன்றும் இடத்தில் அந்த ஸ்வரத்தின் கம்பியை மட்டும் ஒரு தட்டுத் தட்டி, ஒலிக்க விட்டுவிடுவாள். குரல் நடுவில் இருக்கும். கம்பி எங்கேயோ மேலிருந்தும் எங்கேயோ கீழிருந்தும் பதில் சொல்லும். மாடிக்கும் தரைக்கும் ஏறி இறங்கும் என்று நான் சொன்ன குறைதான் அது. கேட்டவர்கள் அதைத்தான் நல்லது என்றார்கள்.

ஆகஸ்டு மாதத் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள் அத்தை அவளைக் கருவியோடு ஒத்திகைக்கு அழைத்துவந்துவிட்டாள். நற்கருணைப் பாட்டை ஒரு முறை வாசித்துக் காட்டச் சொன்னார் சிஸ்டர். அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தாள். பின்பெஞ்சில் எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

"சிஸ்டர், அது கிட்டார் வாசிக்கிற முறையே இல்ல" என்றேன்.

"இருக்கலாம்மா. ஆனா ஜெபம் மாதிரி இருக்கே" என்றார் சிஸ்டர். பிறகு என் முழங்கையைத் தொட்டு, "திருவிழாப் பூசைக்கு அவ இங்க உக்காரட்டும். தேர்ப்பவனிக்கு நீ வாசி, என்ன?" என்றார்.

தேர்ப்பவனியில் ஒலிபெருக்கியும் பேண்டும் வெடியும் இருக்கும். அதில் கிட்டார் வாசித்தால் வாசிப்பவளுக்கே கேட்காது. "சரிங்க சிஸ்டர்" என்றேன். நாற்காலியின் குட்டைக் காலுக்குக் கீழே அட்டை சரியாக இருக்கிறதா என்று அவள் உட்காரும் முன் குனிந்து பார்த்தேன். பழக்கதோஷம்.

திருவிழா அன்று காலை வீட்டில் பெட்டியை அடுக்கினேன். முதல் கம்பி இரண்டு, டிக். மூன்றாம் கம்பி ஒன்று, டிக். எல்லாவற்றுக்கும் டிக். கோயிலில் அவளுக்கு நேர் பின்னால் முதல் பெஞ்சில் இடம் கிடைத்தது. பெட்டியை மூடி காலடியில் வைத்துக்கொண்டேன். கூட்டம் வாசல்வரை நின்றது. மின்விசிறிகள் சுற்றியும் எல்லோர் முதுகும் நனைந்திருந்தது. காணிக்கைப் பாட்டு முடிந்து, நற்கருணைப் பாட்டுக்கு முன்னால் கிடைத்த நேரத்தில் அவள் தலையைச் சாய்த்து கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். புழுக்கத்தில் முதல் கம்பி கொஞ்சம் இறங்கியிருந்தது. திருகை மெதுவாகத் திருப்பினாள்.

டப் என்று ஒரு சத்தம். கம்பி சுருண்டு அவள் மணிக்கட்டில் அடித்தது.

ம போய்விட்டது.

அவள் திரும்பினாள். முகத்தில் பயமில்லை, அவசரம் மட்டும்தான். "முதல் கம்பி இருக்காடி?"

மாற்றுவதற்கு மூன்று நிமிடம் போதும். எத்தனையோ முறை மாற்றியிருக்கிறேன். அந்த அளவு நேரம் இருந்தது. என் கால் பெருவிரல் பெட்டியின் விளிம்பில் இருந்தது. கம்பி இல்லையென்றால் அவளால் வாசிக்க முடியாது, சிஸ்டர் என்னைப் பார்ப்பார், நான் எழுந்து போவேன் என்பது ஒரு நொடியில் முழுதாகத் தெரிந்தது. நாற்காலியில் என் கிட்டாரோடு உட்கார்ந்திருப்பதையே பார்த்துவிட்டேன்.

"இல்லடி" என்றேன்.

"சரி" என்று திரும்பிக்கொண்டாள். அறுந்த கம்பியை முடிந்து ஓரமாகச் செருகினாள். சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. சிஸ்டர் அவளைத்தான் பார்த்தார். அவள் தலையசைத்தாள். பாட்டு தொடங்கியது.

ஆறு கம்பியில் வாசித்தாள். ம வரும் இடங்களில் அவள் கை அப்படியே காற்றில் நின்றது. அங்கே குரல் மட்டும் தனியாகப் போய், அடுத்த ஸ்வரத்தில் கம்பி வந்து அதைத் தாங்கிக்கொண்டது. இரண்டாவது சரணத்தில் பின்பெஞ்சுக்காரர்களும் அந்த இடத்தில் குரலைத் தணித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நற்கருணை வாங்க வரிசையில் நின்ற ஒரு அம்மா, அந்த இடம் வந்தபோது நடக்காமல் நின்று, கம்பி ஒலித்ததும் நடந்தார். நான் வாயை அசைத்துக்கொண்டிருந்தேன், பாடவில்லை.

பூசை முடிந்ததும் சிஸ்டர் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "நடுவுல நடுவுல நிறுத்தினியே, அத யாரு சொன்னா உனக்கு? அங்கதான் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

"கம்பி அந்துபோச்சு சிஸ்டர்" என்றாள் அவள், சிரித்தபடி. சிஸ்டர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மாலையில் தேர்ப்பவனி. கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் நான் பாட்டு நோட்டுகளைப் பகிர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். "உன் கிட்டார நான் எடுத்துத் தர்றேன்" என்று அவள் பெட்டியைத் திறந்தது, திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூடி அண்ணாந்து நின்றது. அவள் கிட்டாரை எடுக்கவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வரியே அதுதான். முதல் கம்பி இரண்டு. கட்டத்தில் டிக். கீழே, பெட்டியின் சின்ன அறையில், முதல் கம்பி உறைகள் இரண்டின் நுனி தெரிந்தது.

அவள் நிமிர்ந்தாள்.

"அட்டெண்டன்ஸ் தப்பா போட்டுட்ட போல" என்றாள்.

எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தாள். அந்த வாசலிலும் அவள்தான் பெரியவளாக நின்றாள். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை, ஆனாலும் அதன் வழியாகத்தான் போனேன்.

"ஆமா. தப்பா போட்டுட்டேன்."

நான் டிக்கைத் தப்பாகப் போடுகிறவள் இல்லை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கிட்டாரை எடுத்து என் கையில் கொடுத்து, பெட்டியை மூடி, தாழ்ப்பாளைப் போட்டாள். அன்று தேருக்குப் பின்னால் தெருத்தெருவாக நான் வாசித்தேன். எனக்கே கேட்கவில்லை.

அடுத்த ஜனவரியில் அவளுக்குக் கல்யாணம் ஆகி பிரான்சுக்குப் புறப்பட்டாள். பயணப் பெட்டிக்குப் பட்டியல் எழுதியவள் நான்தான். கிட்டாருக்கு மறுபடியும் துணி உறை தைத்திருந்தார்கள். திருவிழாவுக்குப் பிறகும் கோயில் நாற்காலி அவளிடமே இருந்தது, அந்த ஐந்து மாத ஞாயிறுகளிலும் ம இல்லாமலேயே, ஆறு கம்பியோடுதான் அவள் வாசித்தாள். என்னிடம் கம்பி கேட்கவில்லை. கொடுக்கிறேன் என்று நானும் சொல்லவில்லை.

புறப்படும் அன்று வண்டி வந்து நின்ற பிறகு என்னிடம் வந்தாள். "முதல் கம்பி ஒண்ணு குடுடி."

"அங்கயே நல்லதா கிடைக்குமே."

"கிடைக்கும். உன் பெட்டியில இருக்குறது வேணும்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு தருமபுரம் போய் எடுத்துவந்து கொடுத்தேன். வண்டிக்காரர் அதற்குள் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். உறையைப் பிரித்துப் பார்த்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அத்தை அழுதுகொண்டிருந்ததால் நானும் அழுததை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. அவள் போவதற்காக அழுதேனா, அவள் போகிறாள், நான் போகவில்லை என்பதற்காக அழுதேனா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து மூடிக்காகிதத்தில் 'இரண்டு' என்பதை அடித்து 'ஒன்று' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி எனக்குத் திரும்பி வந்தது. யாரோ கூட்டிப் பெருக்கியதில் அட்டை போயிருந்தது. புதிதாக ஒன்று மடித்து வைத்து உட்கார்ந்தேன். நற்கருணைப் பாட்டுக்கு முன்னால் சிஸ்டர் ஆர்மோனியத்தின் மேல் சாய்ந்து, தணிந்த குரலில் சொன்னார்:

"அவ நிறுத்துன எடத்துல நீயும் நிறுத்தும்மா. எல்லாருக்கும் அப்படியே பழகிப்போச்சு."

என் கிட்டாரில் அந்த ம நாலு இடத்தில் இருக்கிறது. எந்தக் கம்பியில், கழுத்தில் எத்தனையாவது கட்டையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதல் கம்பியில் இருப்பதுதான் இருப்பதிலேயே சுலபம், சுட்டுவிரல் தானாகவே அங்கே போய் உட்காரும். அவள் போய் ஐந்து வருடமாகிறது. ஒவ்வொரு ஞாயிறும் அந்த இடம் வரும்போது விரல் அங்கே போய்விடுகிறது. கம்பியின் மேல் வைத்தபடி, மீட்டாமல், எல்லோருடைய குரலும் கடந்து போகும்வரை காத்திருக்கிறேன்.